அரை லிட்டர் மண்ணெண்ணெயும் ஐந்து வெள்ளித் துண்டுகளும்

இராஜபாளையத்தில் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் இருபத்தொன்பது வருஷமாக உதவியாளராக இருக்கும் சோலைச்சாமியை, போன ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை, அரை லிட்டர் மண்ணெண்ணெய் வைத்திருந்ததற்காகப் போலீஸ் பிடித்தது.

மண்ணெண்ணெய்க்குள் சோடியம் இருந்தது. அது யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை.

வருஷத்துக்கு ஒருமுறை மதுரைக்குப் போய், வியாபாரியிடம் நூறு கிராம் சோடியம் வாங்கி வருவது சோலைச்சாமியின் வேலை. அந்த உலோகத்துக்குக் காற்றும் ஆகாது, தண்ணீரும் ஆகாது. காற்றுப் பட்டால் வெளுத்து உதிரும். தண்ணீர் பட்டால் சீறும், தீப்பிடிக்கும், துண்டு பெரிதாக இருந்தால் வெடிக்கும். அதனால் எப்போதும் எண்ணெய்க்குள் முங்கியே இருக்க வேண்டும். பழுப்புக் கண்ணாடிப் புட்டியில் விரல் பருமனுக்கு ஐந்து துண்டுகள், அவற்றின் தலைக்கு மேல் நாலு விரற்கடை மண்ணெண்ணெய். புட்டியைத் தகர டப்பாவில் வைத்து, சுற்றிலும் பஞ்சு அடைத்து, டப்பாவை வயர்கூடையில் வைத்து, கூடையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்காருவார். மழை நாளில் போக மாட்டார். பக்கத்து சீட்டுக்காரர் தண்ணீர் பாட்டிலைத் திறந்தால் எழுந்து நின்றுகொள்வார். இருபத்தொன்பது வருஷத்தில் ஒரு சின்ன அசம்பாவிதம்கூட நடந்ததில்லை.

அன்றைக்கு ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கொஞ்சம் முன்னால் பஸ்ஸை நிறுத்திச் சோதனை போட்டார்கள். யாரோ பெரியவர் அந்த வழியாக வருகிறாராம். ஏறி வந்த போலீஸ்காரருக்கு மண்ணெண்ணெய் வாடை அடித்தது. சோலைச்சாமி டப்பாவும் கையுமாக இறக்கப்பட்டார்.

இன்ஸ்பெக்டர் பாண்டிச்செல்வம் ஜீப்பில் சாய்ந்து நின்றிருந்தார். புட்டியை வெயிலில் தூக்கிப் பார்த்தார்.

“இது என்னய்யா?”

“சோடியம்ங்கய்யா. காலேஜுக்கு. பில்லு இருக்கு.”

இன்ஸ்பெக்டர் பில்லை இரண்டு முறை படித்தார். முகம் மலர்ந்தது.

“பில்லுல சோடியம்னு மட்டுந்தான் போட்டிருக்கு. மண்ணெண்ணெய்னு எங்க போட்டிருக்கு?”

“அது சோடியத்துக்குள்ள… இல்லங்கய்யா, சோடியம் அதுக்குள்ள இருக்கணும். அதோட சேத்துத்தான் தருவாங்க.”

“அப்ப மண்ணெண்ணெய்க்குப் பில்லு இல்ல.”

“அதுக்குத் தனியாப் போட மாட்டாங்கய்யா.”

“ரேஷன் கடையில கார்டைக் காட்டினாலே மண்ணெண்ணெய் கெடைக்காத காலம் இது. உனக்கு மட்டும் அரை லிட்டர் எப்படிக் கெடைச்சுது? அதுக்குள்ள கல்லைப் போட்டு மறைச்சு வேற கொண்டு வார.”

மண்ணெண்ணெயை மறைக்க வேண்டுமென்றால் அதன் மேல் எதையாவது போடுவார்களே தவிர அதற்குள் போடுவார்களா என்று கேட்கலாம்தான். ஆனால் சோலைச்சாமி வாழ்க்கையில் அதிகாரிகளிடம் கேள்வி கேட்டதில்லை. கல்லூரி முதல்வர் நீட்டிய தாளில் எல்லாம் படிக்காமல் கையெழுத்துப் போட்டு வளர்ந்தவர்.

காவல் நிலையத்தின் பெயர் இங்கே வேண்டாம். உள்ளே நுழைந்ததும் ஒரு பீரோ. பீரோவுக்கு மேலே கூரையில் ஒரு கசிவு. கசிவுக்குக் கீழே, பீரோவின் தலைமேல், ஒரு பிளாஸ்டிக் வாளி. பீரோவை ஒட்டி ஒரு நாற்காலியில் கான்ஸ்டபிள் யுவராணி. ஆறு மாதக் கர்ப்பிணி என்பதால் அவளுக்கு வெளி வேலை கிடையாது. கைப்பற்றிய பொருள்கள் இருக்கும் அந்த பீரோவைப் பார்த்துக்கொள்ளும் வேலை.

ஸ்டேஷன் ரைட்டர் இருளப்பசாமி வழக்கு எழுதினார். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அதற்காகவே பதினாலு வருஷமாக அதே மேஜை.

“மண்ணெண்ணெயில கலப்படம் செய்யும் நோக்கத்தோட வெள்ளி நிறத் துண்டுகள் அஞ்சு போட்டு வச்சிருந்தான். சரியா?” என்று சோலைச்சாமியையே கேட்டார்.

“கலப்படமெல்லாம் இல்லங்கய்யா.”

“வேற எதுக்கு ஒருத்தன் எண்ணெயில கல்லப் போடுவான்? ஊறுகாயா போடுத?”

எழுதி முடித்த பிறகுதான் சோலைச்சாமிக்குப் பயம் வந்தது. இருளப்பசாமி ஒரு காலி பிராந்திப் புட்டியை எடுத்துக் கழுவி, வெயிலில் காயவைத்து, அதற்குள் மண்ணெண்ணெயை வடிகட்ட ஆரம்பித்தார்.

“அய்யா! எண்ணெயை எடுக்காதீங்க! அது எண்ணெய்க்குள்ளதான் இருக்கணும்!”

“விதி என்ன சொல்லுது? ஒவ்வொரு பொருளையும் தனித்தனியா முத்திரை வைக்கணும். புட்டி ஒண்ணு, எண்ணெய் ஒண்ணு, துண்டு ஒண்ணு. மொத்தமாக் கட்டி அனுப்பினா கோர்ட்டுல திருப்பி அனுப்பிருவாக. எண்ணெய் ஆய்வுக்குப் போகணும்லா? கல்லு கெடந்தா எண்ணெய் கெட்டுப் போயிராதா?”

“எண்ணெய்க்கு ஒண்ணும் ஆகாதுங்கய்யா. கல்லுக்குத்தான் ஆகும்.”

“கல்லுக்கு என்ன ஆகும்?”

“வெடிக்கும்ங்கய்யா.”

இருளப்பசாமி இடுக்கியால் ஒரு துண்டை எடுத்து மேஜையில் தட்டிப் பார்த்தார். தட்டின இடம் நசுங்கியது. பேனாக்கத்தியால் கீறினார். பால்கோவாவைக் கீறினது மாதிரி விட்டுக் கொடுத்தது.

“இது வெடிக்குமா? இதை நாம வாயில போட்டாக் கரைஞ்சிரும் போல இருக்கு.”

“வாயில போட்டுறாதீங்கய்யா!”

ஐந்து துண்டுகளும் துடைக்கப்பட்டு, காகித உறைக்குள் போடப்பட்டன. உறையின் வாயில் அரக்கு வைக்க மெழுகுவத்தி ஏற்றினார்கள். மண்ணெண்ணெய் சிந்திய மேஜையின்மேல் மெழுகுவத்தி எரிந்தது. சோலைச்சாமி கண்ணை மூடிக்கொண்டார். ஒன்றும் நடக்கவில்லை. அதுவே அந்த நிலையத்தாருக்குப் பெரிய தைரியத்தைக் கொடுத்துவிட்டது.

மண்ணெண்ணெய்ப் புட்டிக்கு மட்டும் தனி மரியாதை. தீ விபத்துக்குக் காரணமாகும் பொருள் என்று அதை இன்ஸ்பெக்டரின் அறையிலேயே, இரும்புப் பெட்டிக்குள் வைத்து, இரண்டு பூட்டுப் போட்டார்கள். உறையை வாளிக்குக் கீழே பீரோவில் வைத்தார்கள்.

கல்லூரியிலிருந்து ஆள் வந்து சொன்னதால் சோலைச்சாமியை அன்றைக்கே விட்டார்கள். நிபந்தனை ஒன்றுதான். தினமும் காலை பத்து மணிக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டும்.

மறுநாள் வேதியியல் பேராசிரியர் சேஷு சோலைச்சாமியிடம் ஒரு கடிதம் கொடுத்தனுப்பினார். சோடியம் என்றால் என்ன, அதை ஏன் எண்ணெயில் வைக்க வேண்டும், தண்ணீர் பட்டால் என்ன நடக்கும் என்று மூன்று பக்கம். கடைசியில் ஒரு வேதிச் சமன்பாடு. இன்ஸ்பெக்டர் சமன்பாட்டில் வந்து நின்றுவிட்டார்.

“நடுவுல அம்புக்குறி போட்டிருக்காரே, இது யாரைக் குறிக்குது?”

“யாரையும் இல்லங்கய்யா. இது போயி அதுவா மாறும்னு அர்த்தம்.”

“எது போயி எதுவா மாறும்? பொருள் நம்ம கஸ்டடியில இருக்கு. எப்படி மாறும்? அப்ப போலீஸ் பீரோவுல வச்ச சரக்கு மாறிப் போகும்னு உங்க வாத்தியாரு எழுத்துல எழுதிக் குடுக்காரா?”

கடிதம் வழக்குக் கட்டில் சேர்க்கப்பட்டது. காவல்துறையின் நேர்மையைச் சந்தேகித்து எழுதிய கடிதம் என்று ஓரத்தில் குறித்துக்கொண்டார்கள்.

தினமும் பத்து மணிக்கு சோலைச்சாமி போனார். கையெழுத்துப் போடும்போது பீரோவைப் பார்ப்பார். வாளியைப் பார்ப்பார். வானத்தைப் பார்ப்பார். மேற்கே மலைப்பக்கம் கருக்கத் தொடங்கியிருந்தது. நாலாம் நாள் யுவராணியே கூப்பிட்டுக் கேட்டாள்.

“அண்ணே, உள்ள என்னமோ கசியுது. உறை நனைஞ்சாப்ல இருக்கு. தொட்டேன், வெரலு வழுவழுன்னு இருந்துச்சு. பொறவு எரியுது.”

“தொடாத தாயி! காஸ்டிக் சோடா அது, தோலை அரிச்சிரும். கையைத் தொடைச்சிட்டு நெறையத் தண்ணி விட்டுக் கழுவு. ஆனா அந்த உறைகிட்ட தண்ணியக் கொண்டு போயிராத.”

“மேல வாளி இருக்கே.”

“அதைத்தான் தாயி நானும் நாலு நாளாப் பாத்துக்கிட்டிருக்கேன்.”

அவள் அன்றைக்கே வாளியை எடுத்து வெளியே வைத்தாள். மத்தியானம் தூறல் போட்டதும் இன்ஸ்பெக்டர் சத்தம் போட்டு மறுபடியும் அதே இடத்தில் வைக்கச் சொன்னார். பீரோ நனைந்தால் ஃபைல் கெட்டுவிடும்.

சோலைச்சாமியின் மனைவி ஈஸ்வரி, பேண்டேஜ் துணி தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் வேலை செய்தாள். தீக்காயத்துக்குப் போடும் எண்ணெய்த் துணிக்கு அங்கே பாரபின் எண்ணெய் கேன் கேனாக வரும். அன்று இராத்திரி சாப்பிடும்போது அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

“உம்மைத்தான கேஸுல மாட்டியிருக்காக. உமக்குக் கவலை உம்ம மேல இருக்கணும். அந்தக் கட்டியப் பத்தி எதுக்குக் கவலைப்படுதீரு?” என்றாள் ஈஸ்வரி.

“பக்கத்துல ஒரு பிள்ளத்தாச்சி உக்காந்திருக்கா ஈஸ்வரி.”

மறுநாள் ஈஸ்வரி சூப்பர்வைசரிடம் கேட்டு ஒரு கேன் பாரபின் எண்ணெய் கொண்டுவந்தாள். மண்ணெண்ணெய் இல்லாவிட்டால் அதிலும் சோடியத்தை வைக்கலாம். மாவடு போடுகிற அகலவாய்க் கண்ணாடி ஜாடி ஒன்றைக் கழுவி மூன்று நாள் வெயிலில் காயப்போட்டு, அதில் எண்ணெயை ஊற்றிக் கொடுத்தாள்.

ஜாடியோடு போய் நின்ற சோலைச்சாமியிடம் இன்ஸ்பெக்டர் நிதானமாகத்தான் பேசினார்.

“இந்தா பாரு சோலைச்சாமி. நீ குற்றம் சாட்டப்பட்டவன். கலப்படத்துக்கு வச்சிருந்த பொருள் அது. அதை எண்ணெயிலருந்து நாங்க கஷ்டப்பட்டுப் பிரிச்சிருக்கோம். இப்ப நீயே வந்து, அதை மறுபடி எண்ணெயில போடுங்கன்னு சொல்லுத. குற்றத்தைப் போலீஸ் ஸ்டேஷன்லயே வச்சு மறுபடி செய்யணும்ங்கிற. இதுக்கே உம்மேல இன்னொரு கேஸ் போடலாம், சாட்சியத்தைக் கலைக்க முயன்றதா. போடல. ஏன்? மனுசத்தன்மை.”

“அய்யா, மழை பெரிசா வந்தா…”

“மழைக்கு வாளி வச்சிருக்கு.”

ஜாடி, ‘குற்றவாளி கொண்டுவந்த சந்தேகத்துக்குரிய திரவம்’ என்று ஒட்டப்பட்டு, யுவராணியின் மேஜைக்கு அடியில் வைக்கப்பட்டது.

இப்படியே பத்து நாள் ஓடியது. பதினோராம் நாள் மேலிடத்திலிருந்து போன் வந்தது. இருளப்பசாமி முத்து முத்தாக எழுதியதைக் கோர்ட்டுக்காகக் கம்ப்யூட்டரில் அடித்தபோது ‘வெள்ளி நிறத் துண்டுகள் ஐந்து’ என்பதில் ‘நிற’ விழுந்து, ‘வெள்ளித் துண்டுகள் ஐந்து’ என்று ஆகியிருந்தது. வெள்ளியைக் கருவூலத்தில் ஒப்படைக்காமல் ஸ்டேஷனில் வைத்திருப்பது ஏன் என்று கேட்டார்கள்.

பாண்டிச்செல்வம் வியர்த்துப் போய் உறையைப் பிரிக்கச் சொன்னார். உள்ளே ஐந்து வெள்ளைக் கட்டிகள். சுண்ணாம்பு அப்பினது போல, பிசுபிசுவென்று. மினுமினுப்பு கொஞ்சமும் இல்லை.

“வெள்ளி எங்கடா?” என்று அவர் எல்லோரையும் பொதுவாகக் கேட்டார்.

அப்போது மணி பத்து. சோலைச்சாமி கையெழுத்துப் போட வந்திருந்தார்.

“வெள்ளி இல்லங்கய்யா. மொதல்லருந்தே இல்ல. மேல பூத்திருக்கு, அம்புட்டுத்தான். கத்தியால சீவினா உள்ள பளபளன்னு இருக்கும்.”

“பூத்திருக்கா? அழுக்கு புடிச்சிருக்குன்னு சொல்லு,” என்றார் இருளப்பசாமி. வெள்ளிக் கொலுசு கறுத்தால் அவர் வீட்டில் கழுவித்தான் பளபளப்பாக்குவார்கள். நாலு கட்டிகளைத் தினத்தாள் விரித்து மேஜையில் வைத்துவிட்டு, ஒன்றை இடுக்கியில் பிடித்துக்கொண்டு கைகழுவும் தொட்டிக்குப் போனார்.

“வேண்டாம்ங்கய்யா! தண்ணி ஆகாது!” என்று சோலைச்சாமி எழுந்து ஓடினார். வாசலில் நின்ற காவலர், குற்றவாளி தப்பிக்கிறான் என்று நினைத்து அவரைக் குறுக்கே பிடித்துக்கொண்டார்.

இருளப்பசாமி கட்டியைத் தொட்டிக்குள் போட்டுக் குழாயைத் திறந்தார். சோப்பை எடுக்கத் திரும்பி இரண்டடி நகர்ந்தார். அவருடைய பதினாலு வருஷ எழுத்துப் பணியில் அவர் எடுத்த ஒரே பாதுகாப்பு நடவடிக்கை அதுதான்.

சத்தம் பஸ் ஸ்டாப்வரை கேட்டதாம். பீங்கான் தொட்டி மூன்றாகப் பிளந்தது. மஞ்சள் நெருப்பாகத் துணுக்குகள் பறந்து தரையிலும், ஃபைல் கட்டுகளிலும், நாலு கட்டிகள் இருந்த மேஜையின் விளிம்பிலும் விழுந்து எரிந்தன. இருளப்பசாமி சோப்போடு தரையில் உட்கார்ந்திருந்தார். காயமில்லை. பின்தலை முடி பொசுங்கியிருந்தது.

“தண்ணி ஊத்துங்கடா! தண்ணி!” என்று இன்ஸ்பெக்டர் கத்தினார். ஒருவர் பீரோ மேலிருந்த வாளியைத் தூக்கிவிட்டார். மேஜைக்கு அந்தப் பக்கம், சுவரோடு ஒட்டிக்கொண்டு யுவராணி நின்றிருந்தாள்.

சோலைச்சாமி, தன்னைப் பிடித்திருந்தவரை உதறினார். வாளி தூக்கியவரின் கையை இரண்டு கையாலும் பிடித்து அப்படியே வாசலுக்குத் தள்ளினார். தண்ணீர் முற்றத்தில் கொட்டியது. “மண்ணு! மண்ணைக் கொண்டாங்கலே!” என்று கத்தினார். போலீஸ்காரர்களை ‘லே’ என்று கூப்பிட்டது அவருக்கே பிறகுதான் உறைத்தது. யாரும் அசையவில்லை. மூலையில் தொங்கிய சிவப்பு வாளியை அவரே எடுத்தார். வெற்றிலைச் சாறும் பீடித்துண்டும் கிடந்தாலும் உள்ளே காய்ந்த மணல் இருந்தது. எரிகிற இடத்திலெல்லாம் மணலைக் கொட்டி மூடினார். ஐந்து நிமிஷத்தில் எல்லாம் அடங்கியது. அவருடைய முழங்கையில் ஒரு கொப்புளம்.

இன்ஸ்பெக்டர் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். பிறகு பேசினார்.

“இங்க எதுவும் வெடிக்கல. புரியுதா? வெடிச்சுதுன்னு எழுதினா, வெடிபொருளை ஏன் ஸ்டேஷன்ல வச்சிருந்தன்னு கேப்பாங்க. வெடிபொருள்னு தெரியாதுன்னு எழுதினா, தெரிஞ்சவன் எழுதிக் குடுத்த கடுதாசி ஃபைல்ல இருக்கு. அதனால தொட்டி பழசு. தானா ஒடைஞ்சுது. சத்தம் தொட்டி ஒடைஞ்ச சத்தம்.”

“சார், துண்டு நாலுதான் இருக்கு. ரெக்கார்டுல அஞ்சு,” என்றார் இருளப்பசாமி.

இன்ஸ்பெக்டர் சுற்றுமுற்றும் பார்த்தார். நிலைய வாசலில் கண்திருஷ்டிக்காகக் கறுப்புக் கயிற்றில் ஒரு படிகாரக் கட்டி தொங்கிக்கொண்டிருந்தது. கிட்டத்தட்ட அதே அளவு. அதே வெள்ளை. கயிற்றை அறுத்து, கட்டியை நாலோடு சேர்த்து, ஐந்தாக்கி, புது உறையில் போட்டார்கள். மறுபடியும் அரக்கு, மறுபடியும் மெழுகுவத்தி. இந்த முறை மெழுகுவத்தியை ஏற்றிவிட்டு எல்லோரும் வெளியே போய் நின்றுகொண்டார்கள். இருளப்பசாமி மட்டும் கையை நீட்டி முத்திரை வைத்தார்.

“இதை மறுபடி பீரோவுல வை,” என்று இன்ஸ்பெக்டர் யுவராணியிடம் கொடுத்தார்.

யுவராணி உறையை வாங்கினாள். மேஜைக்கு அடியிலிருந்து ஜாடியை எடுத்து மேலே வைத்தாள். மூடியைத் திறந்தாள். உறையை அப்படியே, அரக்கு முத்திரையோடு, எண்ணெய்க்குள் போட்டாள். காகிதம் ஊறி, கனத்து, மெதுவாக அடியில் போய் உட்கார்ந்தது.

“ஏம்மா! என்ன பண்ணுத?”

“பத்திரப்படுத்துதேன் சார். உறையைத் திறக்கல. முத்திரை அப்படியே இருக்கு. கண்ணாடி வழியாப் பாருங்க, தெரியும்.”

இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். சிங்க முத்திரை எண்ணெய்க்குள் தெளிவாகத் தெரிந்தது. முத்திரை வைத்த உறையை எண்ணெயில் போடக் கூடாது என்று எந்த விதியாவது இருக்கிறதா என்று இருளப்பசாமியைக் கேட்டார். அவர் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். நீரில் போடக் கூடாது, நெருப்பில் போடக் கூடாது, எலி கடிக்கும் இடத்தில் வைக்கக் கூடாது என்றெல்லாம் இருந்தது. எண்ணெயைப் பற்றி ஒன்றும் இல்லை.

“அப்ப இருக்கட்டும்,” என்றார் இன்ஸ்பெக்டர்.

இரண்டு வாரம் கழித்து வழக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் கோர்ட்டுக்கு வந்தது. கல்லூரி ஏற்பாடு செய்த வக்கீல் மரகதவல்லி, சின்ன வயசுக்காரி, நம்பிக்கையாகவே பேசினாள்.

“இது நிக்காது அண்ணாச்சி. மண்ணெண்ணெய் ரிப்போர்ட் வந்ததும் ஒடைச்சிரலாம். இன்னிக்கு வாய்தா வாங்குறேன்.”

“ரிப்போர்ட் எப்ப வரும்மா?”

“மூணு மாசம் ஆகலாம். பொறவு சாட்சி விசாரணை. எப்படியும் ரெண்டு வருஷத்துல விடுதலை.”

“ரெண்டு வருஷமும் அந்த உறை எங்க இருக்கும்?”

“இனிமே கோர்ட்டுப் பொருள் அறையில. ஜாடியெல்லாம் வாங்க மாட்டாங்க அண்ணாச்சி, ஃபைல்ல ஜாடி இல்லல்லா. உறையை மட்டும் எடுத்துத் தொடைச்சு உள்ள வச்சுக்கிடுவாங்க.”

“அந்த ரூம்பு ஒழுகுமா?”

மரகதவல்லி அவரை விநோதமாகப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற கோர்ட் சிப்பந்திதான் பதில் சொன்னார். “ஒழுகாத ரூம்பு எங்க இருக்கு? போன வருஷம் முழங்கால் தண்ணி.”

வெளியே மழை பிடித்துக்கொண்டது. வராந்தாவில் கைக்குழந்தையோடு வந்தவர்கள், ஜீவனாம்சத்துக்கு வந்தவர்கள், வத்திராயிருப்புப் பக்கம் வரப்புத் தகராறில் வந்தவர்கள் எல்லோரும் சாரலுக்கு ஒதுங்கிப் பொருள் அறைச் சுவரோரமாக நெருக்கி நின்றார்கள். சோலைச்சாமி அவர்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பெயரைக் கூப்பிட்டார்கள். கூண்டில் ஏறினார்.

மாஜிஸ்டிரேட் அம்மா அன்றைக்கு நாற்பத்தோராவது வழக்காக அதை எடுத்தார்.

“அனுமதியில்லாமல் மண்ணெண்ணெய் வைத்திருந்ததாகவும், அதில் வெள்ளித் துண்டுகளைக் கலப்படம் செய்ததாகவும் குற்றச்சாட்டு. குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா, மறுக்கிறீர்களா?”

மரகதவல்லி எழுந்தாள். அவள் வாயைத் திறக்குமுன் சோலைச்சாமி சொல்லிவிட்டார்.

“ஒத்துக்கிடுதேன்ம்மா.”

கோர்ட்டே திரும்பிப் பார்த்தது. மாஜிஸ்டிரேட் அம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

“யோசித்துத்தான் சொல்கிறீர்களா?”

“ஆமாங்கம்மா. மழை வந்துருச்சு.”

“கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். யாராவது மிரட்டினார்களா?”

“இல்லங்கம்மா. ஒத்துக்கிட்டா அந்தத் துண்டுகளை இன்னிக்கே திருப்பித் தந்துருவாகளா?”

மாஜிஸ்டிரேட் அம்மா காகிதங்களைப் புரட்டினார். மண்ணெண்ணெயில் வெள்ளியைக் கலப்படம் செய்தால் நஷ்டம் யாருக்கு என்ற கேள்வி அவருக்கும் வந்திருக்க வேண்டும். உதட்டோரம் ஒரு முறை அசைந்தது. ஆனால் ஒப்புக்கொண்ட வழக்கில் கேள்வி கேட்க இடமில்லை. இன்னும் பதினெட்டு வழக்குகள் இருந்தன. கோர்ட் கலையும்வரை தண்டனை என்று தீர்ப்புச் சொன்னார். மண்ணெண்ணெய் அரசுக்குப் பறிமுதல். துண்டுகளுக்குக் கல்லூரியின் பில் இருப்பதால், உரிய ரசீதைப் பெற்றுக்கொண்டு இன்றே ஒப்படைக்க உத்தரவு.

சோலைச்சாமி கோர்ட் மூலையில் ஒரு பெஞ்சில் சாயங்காலம்வரை உட்கார்ந்து தண்டனையை அனுபவித்தார். மரகதவல்லி கோபமாக ஒரு டீ வாங்கிக் கொடுத்தாள். “காலேஜுல மெமோ குடுப்பாங்க அண்ணாச்சி. தண்டனை பெற்றவர்னு ஆயிருச்சே,” என்றாள். “குடுக்கட்டும்மா,” என்றார். அவருக்கு அந்தப் பதினெட்டு வழக்குகளும் சீக்கிரம் முடிந்தால் போதும் என்றிருந்தது.

கோர்ட் கலைந்ததும் வராந்தாவில் இன்ஸ்பெக்டரும் இருளப்பசாமியும் ரசீதோடு வந்தார்கள். யுவராணி ஜாடியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, சாரல் படாமல் உள்பக்கமாக நின்றாள்.

“இதுல ஒரு கையெழுத்து. கதை முடிஞ்சுது,” என்றார் இன்ஸ்பெக்டர்.

சோலைச்சாமி பேனாவை வாங்கினார். வழக்கம்போலக் கை கையெழுத்து இடத்துக்கே போனது. அங்கே நின்றுவிட்டது. பிறகு முதல் வரிக்குப் போய், விரலை வைத்து, எழுத்துக்கூட்டுவதுபோல வாசித்தார்.

“‘வெள்ளித் துண்டுகள் ஐந்து பெற்றுக்கொண்டேன்.’ அய்யா, நான் வெள்ளி வாங்கலியே.”

“ஃபைல்ல அப்படித்தான இருக்கு. ஃபைல்ல இருக்கிறதைத்தான் ரசீதுல போட முடியும்.”

“நாளைக்குக் காலேஜுல வெள்ளி எங்கன்னு கேட்டா?”

“அது ஓம்பாடு காலேஜ்பாடு. போடுய்யா. மழை பெய்யுது.”

“போட மாட்டேன்ங்கய்யா.”

இருளப்பசாமி அதிர்ந்துவிட்டார். அவர் பதினாலு வருஷத்தில் எழுதிய எதையும் யாரும் வாசித்ததில்லை.

இன்ஸ்பெக்டர் குரலை உயர்த்தினார். “யாருகிட்டப் பேசுதன்னு தெரியுதா? நீ தண்டனை அடைஞ்ச குற்றவாளி.”

“ஆமாய்யா. தண்டனையையும் அனுபவிச்சு முடிச்சுட்டேன். இனிமே என்னைய என்ன செய்ய முடியும்?”

இன்ஸ்பெக்டர் யோசித்தார். உண்மையிலேயே யோசித்தார். செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. கையெழுத்து இல்லையென்றால் ஐந்து வெள்ளித் துண்டுகள் அவர் பொறுப்பில். மேலிடத்தில் ஏற்கெனவே ஒருமுறை கேட்டிருக்கிறார்கள்.

“என்னதான் எழுதணும்ங்கிற?”

“சோடியம் நாலு துண்டு, படிகாரம் ஒரு துண்டுன்னு எழுதுங்க.”

“படிகாரத்தை எதுக்கு எழுதணும்?”

“அப்ப அஞ்சாவது என்ன ஆச்சுன்னு எழுதுங்க.”

இன்ஸ்பெக்டர், யாரும் பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, உறையை இடுக்கியால் தூக்கிப் பிரிக்கச் சொன்னார். யுவராணி ஜாடிக்குள்ளேயே உறையைக் கிழித்தாள். நாலு துண்டுகள் எண்ணெயில் நழுவி விழுந்தன. ஐந்தாவதை எடுத்து இன்ஸ்பெக்டரின் உள்ளங்கையில் வைத்தாள். அவர் அதைக் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். எண்ணெய், காக்கித் துணியில் வட்டமாக ஊறியது.

இருளப்பசாமி வராந்தாத் திண்டில் தாளை வைத்து, முத்து முத்தாக ஒரு திருத்தம் எழுதினார். ‘மேற்படி ஆவணங்களில் “வெள்ளித் துண்டுகள் ஐந்து” என வருமிடங்களில் எல்லாம் “சோடியம் துண்டுகள் நான்கு” என வாசிக்கவும். எழுத்துப்பிழை.’

சோலைச்சாமி அதை இரண்டு முறை வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். ஜாடியின் மூடியை இறுக்கி, வயர்கூடையில் வைத்து, சுற்றிலும் தன் தோள்துண்டை அடைத்தார். படி இறங்கப் போனவரை யுவராணி கூப்பிட்டாள்.

“அண்ணே, செத்த நில்லுங்க. இது மாதிரி இன்னொரு தடவை எங்கயாச்சும் புடிச்சா, நாங்க என்ன செய்யணும்? என்னென்ன இருக்கு இது மாதிரி?”

சோலைச்சாமி திரும்பினார். இத்தனை நாளில் அந்த நிலையத்திலிருந்து அவரிடம் இப்படி ஒருவர் கேட்பது இதுதான் முதல் தடவை.

“சோடியம், பொட்டாசியம் ரெண்டையும் எண்ணெய்க்குள்ளருந்து வெளிய எடுக்கக் கூடாது தாயி. எண்ணெய் கொறைஞ்சா ஊத்தணும். லித்தியம் மெதக்கும், அதனால அமுக்கி வைக்கணும். பொட்டாசியம் பழசா, மஞ்சளாப் பூத்திருந்தா தொடவே கூடாது. வெட்டவும் கூடாது. எங்க சார் நம்பர் தாரேன், கூப்பிடு. தீப்புடிச்சா காய்ஞ்ச மண்ணு. தண்ணி கூடவே கூடாது.”

“ஏம்மா,” என்றார் இன்ஸ்பெக்டர், குடையை விரித்துக்கொண்டே. “அதெல்லாம் மேலருந்து சர்க்குலர் வந்தாப் பாத்துக்கிடலாம். சர்க்குலர் வராம நாமளா எதையும் எழுதி வைக்கக் கூடாது.”

“சரி சார்,” என்றாள் யுவராணி. அவள் குறிப்பேட்டைத் திண்டில் வைத்துக் குனிந்திருந்தாள். “அண்ணே, லித்தியத்துக்கு ‘லி’யா, ‘லீ’யா?”